சாம்பலும் வைரஸும் மைட்டோகாண்ட்ரியாவும்: கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி நெய்வேலியிலிருந்து சில கேள்விகள்

நெய்வேலியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தால், கேட்பவர்களின் முதல் சந்தேகம் சாம்பலின் மேல் விழும். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணெதிரே நிற்கிறது. பழுப்பு நிலக்கரி கன்வேயரில் ஊர்ந்து போவதைப் பார்த்தே இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். 1956 நவம்பர் 14 அன்று இவற்றை நடத்தும் நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-இல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அருகிலேயே எரிந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சந்தேகிப்பதில் தவறில்லை. நுரையீரல் நோயைப் பற்றிய கேள்வி என்றால் பதிலைப் புகையிலிருந்தே தொடங்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றால் வேறு வழியாகப் போக வேண்டும். முதலில் ஒரு வைரஸ், அடுத்து உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதன் பிறகுதான் புகை. இந்த வரிசையை மாற்றினால் பெண்கள் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை தள்ளிப்போகும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வைரஸைப் பற்றிய சந்தேகம் தீர்ந்து பல காலம் ஆகிவிட்டது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் 1983-இலும் 1984-இலும் கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களிலிருந்து ஹெச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16, 18 ஆகிய இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் பல நாடுகளின் புற்றுத் திசுக்களை மீண்டும் சோதித்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் அவற்றில் 99.7 விழுக்காட்டில் இந்த வைரஸ் குடும்பம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஒரு புற்றுநோய்க்கும் ஒரு கிருமிக்கும் இத்தனை நெருக்கமான தொடர்பு காணக் கிடைப்பது அரிது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்திருக்கும் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது.

ஆனால் வைரஸ் தொற்றிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை. உடலுறவு வாழ்க்கை தொடங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒரு காலத்தில் இந்தத் தொற்று வந்து போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. மிச்சம் இருக்கும் சிறுபகுதியினரின் உடலில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது; அவர்களிலும் சிலருக்குத்தான் பத்து, இருபது ஆண்டுகளில் அது புற்றாக மாறுகிறது. ஒரே தொற்று ஒருத்திக்கு ஏன் போய்விடுகிறது, இன்னொருத்திக்கு ஏன் தங்கிவிடுகிறது? நோய் எதிர்ப்பாற்றல், புகையிலை, அதிகப் பிரசவங்கள், நீண்ட காலம் எடுத்துக்கொள்ளும் கருத்தடை மாத்திரை, ஹெச்.ஐ.வி. தொற்று என்று சில விடைகள் உறுதியாகிவிட்டன. மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் மாற்றங்களும் அந்தப் பட்டியலில் சேருமா என்பதைத்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகள் கேட்டுவருகின்றன.

மைட்டோகாண்ட்ரியாவை உயிரணுவின் மின் நிலையம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்காது: எரிபொருள் உள்ளே போகிறது, ஆற்றல் வெளியே வருகிறது, கூடவே கழிவும் வருகிறது. இங்கே கழிவு என்பது வினைத்துடிப்பு மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள். அவை அளவோடு இருந்தால் உயிரணுவுக்குச் செய்தி சொல்லும்; அளவு மீறினால் டி.என்.ஏ.வையும் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத இன்னொரு வேலையும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உண்டு. கெட்டுப்போன உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் செயல் தொடங்குவது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான். புற்றுநோயைப் பொறுத்தவரை ஆற்றல் உற்பத்தியைவிட இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. வட்ட வடிவம், 16,569 இணைகள், 37 மரபணுக்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. உயிரணுவின் கருவில் இருக்கும் டி.என்.ஏ.வைச் சுற்றிப் பாதுகாக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் இதற்குக் கிடையாது; பழுதுபார்க்கும் ஏற்பாடுகளும் குறைவு. ஒரே உயிரணுவில் இதன் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படிகள் இருக்கும். சிலவற்றில் பிழை, சிலவற்றில் சரி என்று கலந்தும் இருக்கும். எனவே ‘மைட்டோகாண்ட்ரியா மாற்றம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தால் அது மூன்றில் எது என்று முதலில் பார்க்க வேண்டும்: பிறவியிலேயே தாய்வழி வந்த வேறுபாடா, வாழ்நாளில் அந்தத் திசுவில் மட்டும் ஏற்பட்ட பிழையா, அல்லது படிகளின் எண்ணிக்கை கூடியதா குறைந்ததா? செய்தித்தாள்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வைரஸ் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுகிறது என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் வலுவானவை. ஹெச்.பி.வி.யின் இ6 புரதம் பி53 என்ற காவல் புரதத்தை அழிப்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அதே இ6, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருந்து உயிரணுவின் சாவைத் தொடங்கிவைக்கும் பாக் என்ற புரதத்தையும் அழிக்கிறது. அழிய வேண்டிய உயிரணு இப்படிப் பிழைத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் ஆய்வகம் ஒன்று 2013-இல் ஹெச்.பி.வி. 18-இன் இ2 புரதம் மைட்டோகாண்ட்ரியா சவ்வுகளிலேயே போய் அமர்வதையும், அங்கே ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதையும் காட்டியது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா ஆய்வாளர்கள், இ6-இன் குறுகிய வடிவம் ஒன்று உயிரணுவில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டி டி.என்.ஏ.வை உடைக்கிறது என்று கண்டார்கள். டி.என்.ஏ. உடையும் இடங்களில் வைரஸின் மரபணு மனித மரபணுவோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்புக் கூடுகிறது. அப்படி ஒட்டிக்கொள்வது இந்தப் புற்றின் வழியில் ஒரு பெரிய திருப்பம். ஆக, மைட்டோகாண்ட்ரியா கலங்குவதால் வைரஸ் லாபம் அடைகிறது என்பதை நம்ப நல்ல காரணம் இருக்கிறது. இவையெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் கண்டவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பெண்களிடமிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளில் என்ன தெரிகிறது? இதில் இந்தியாவின் பங்கு கணிசமானது. நமக்குப் பக்கத்தில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2002-இலும் 2004-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் கருப்பைவாய்ப் புற்று நோயாளிகளின் ரத்தத்தையும் நலமாக இருந்த பெண்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருள்கள் கூடியிருந்தன. அவற்றைத் தணிக்கும் நொதிகள் குறைந்திருந்தன. 2005-இல் டெல்லி எய்ம்ஸ் குழு, கருப்பைவாய்ப் புற்றில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் டி-லூப் பகுதியில் பிழைகள் அடிக்கடி காணப்படுவதாக எழுதியது. அந்த வட்டம் தன்னைப் படியெடுக்கத் தொடங்குவது டி-லூப்பில்தான் என்பதால் இந்தச் செய்தி கவனம் பெற்றது. 2014-இல் மணிப்பால் ஆய்வாளர்கள் இந்தப் புற்றில் காணும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. வேறுபாடுகளை அலசினார்கள். 2020-இல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கருப்பைவாயிலிருந்து உதிரும் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. படிகளின் எண்ணிக்கையை ஹெச்.பி.வி. தொற்றுள்ள பெண்களிடையே புற்று அபாயத்தோடு இணைத்துப் பார்த்தது.

வரிசையாகப் படித்தால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். அப்படி முடிவுகட்ட முடியாது என்பதற்கான காரணங்களை நான் கூடுதல் அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பொதுவாசகருக்கு எழுதப்படும் கட்டுரைகள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

முதல் சிக்கல் காலம். நோய் வந்த பிறகு எடுத்த ரத்தமும் திசுவும் நோய்க்கு முன்பு என்ன நடந்தது என்று சொல்லாது. புற்று வளர்ந்ததால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடியதா, அழுத்தம் கூடியதால் புற்று வந்ததா? கட்டி அழுகி ரத்தம் போய், சாப்பாடு குறைந்து, உடல் மெலிந்த பெண்ணின் ரத்தத்தில் பாதுகாப்புப் பொருள்கள் குறைந்திருப்பதில் வியப்பில்லை. சிதம்பரம் ஆய்வுகளின் மதிப்பை இது குறைத்துவிடாது. அவை கண்டது நோயின் நிலையை, அபாயத்தை அல்ல என்றுதான் பொருள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. 2001-இல் ஹிலாரி காலரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். புற்று உயிரணு பல நூறு முறை பிரிகிறது. ஒவ்வொரு முறையும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. படிகள் குருட்டுவாக்கில் பங்கிடப்படுகின்றன. அந்தப் பங்கீட்டினால் மட்டுமே ஏதோ ஒரு பிழையுள்ள படி எல்லா இடத்தையும் பிடித்துவிட முடியும். அதற்கு அந்தப் பிழை புற்றுக்கு உதவியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதாவது கட்டியில் பிழையைக் கண்டோம் என்பது அந்தப் பிழைதான் கட்டியை வளர்த்தது என்பதற்குச் சான்றாகாது. 2014-இல் 1,675 கட்டிகளின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை முழுமையாக வாசித்த பன்னாட்டு ஆய்வு இதற்குப் பெருமளவு ஆதரவாகவே நின்றது. பிழைகளில் பெரும்பகுதி படியெடுக்கும்போது தானாக நேர்பவை. புகையிலை போன்ற வெளிப்பொருள்களின் தடயம் அவற்றில் தெரியவில்லை. புகைதான் நேரடியாக மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைத் திருத்தி எழுதுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

மூன்றாவது, ஆய்வகச் சுத்தம். அன்டோனியோ சாலஸும் சிலரும் 2005-இல் பழைய கட்டுரைகளை மறுபடி எடுத்துப் பார்த்து, ‘புற்றில் கண்ட பிழைகள்’ என்று அறிவிக்கப்பட்டவற்றில் சில, மாதிரிகள் கலந்துபோனதால் வந்தவை என்று காட்டினார்கள். ஒருவருடைய கட்டியையும் இன்னொருவருடைய ரத்தத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடுகள் வராமல் எப்படி இருக்கும்? படிகளின் எண்ணிக்கையிலும் ஒரே பேச்சு இல்லை. 22 வகைப் புற்றுகளை 2016-இல் ஒப்பிட்டவர்கள், பலவற்றில் எண்ணிக்கை குறைந்தும் சிலவற்றில் கூடியும் இருப்பதைக் கண்டார்கள்.

தாய்வழி மரபு பற்றி ஒரு பயம் உண்டு. ‘அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா’ என்று கேட்கும் மகளிடம் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்று சொன்னால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். தென்னிந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் எம் என்ற பெரிய தாய்வழிக் கிளையைச் சேர்ந்தவர்கள். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் 10398 என்ற இடத்தில் வரும் ஒரு எழுத்து வேறுபாட்டைப் பல நாட்டவர் புற்று அபாயத்தோடு இணைத்திருக்கிறார்கள். ஆனால் எம் கிளைக்கும் அதற்கு வெளியே உள்ள கிளைகளுக்கும் இடையே பொதுவாகக் காணப்படும் வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. ஒரு ஊரில் நோயாளிகளை ஒரு சமூகத்திலிருந்தும் நலமானவர்களை இன்னொரு சமூகத்திலிருந்தும் எடுத்தாலே இந்த எழுத்து ‘அபாயம்’ என்று கணக்கில் வந்துவிடும். சாதி, வட்டாரம், திருமண வழக்கம் ஆகியவை மரபைப் பிரித்து வைத்திருக்கும் நம் நாட்டில் இந்தப் பிசகு எளிதில் நேரும். மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: இந்த நோய் மைட்டோகாண்ட்ரியா வழியாக அம்மாவிடமிருந்து வருவதாக எவரும் நிறுவவில்லை, உன் வயதுக்கு உரிய பரிசோதனையைச் செய்துகொள்.

இனி புகை. 2002-இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸிலிருந்து வந்த ஆய்வு நம் ஊர்ப் பெண்கள் அறிய வேண்டியது. ஹெச்.பி.வி. தொற்று உள்ள பெண்களில், சமையலறையில் நெடுங்காலம் விறகு எரித்தவர்களுக்குக் கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. அது ஒரே ஒரு நாட்டின் சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்கு ஓர் உயிரியல் பின்னணி இருக்கிறது. புகைபிடிக்கும் பெண்களின் கருப்பைவாய்ச் சளியில் நிகோட்டின் இருப்பது 1980-களிலேயே தெரியும். நுரையீரலில் நுழைந்தது அங்கே வரை போய்ச் சேர்கிறது. அரைகுறையாக எரிந்த விறகிலும் புகையிலையிலும் உருவாகும் பென்சோபைரீன் உடலுக்குள் மாற்றமடைந்த பிறகு, உயிரணுக் கருவின் டி.என்.ஏ.வைவிடப் பல மடங்கு அதிகமாக மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது என்று 1980-இலேயே ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். போலந்தின் கோக் உலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. படிகள் கூடியிருந்ததாக 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. நிலக்கரிப் புகையில் உழைத்த ஆண்கள் அவர்கள். 1,675 கட்டிகளின் ஆய்வு சொன்னதையும் இதையும் சேர்த்து வைத்தால், புகை மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யலாம், ஆனால் புற்றில் நாம் காணும் எழுத்துப் பிழைகள் அந்தத் தொந்தரவின் கையெழுத்து அல்ல என்ற இடத்தில்தான் நிற்க முடிகிறது.

இதை நெய்வேலிக்குப் பொருத்தும்போது எந்தப் புகை என்று பிரித்துக் கேட்க வேண்டும். அனல் மின் நிலையக் கொதிகலனில் நிலக்கரி பெரும் வெப்பத்தில் ஏறக்குறைய முழுமையாக எரிகிறது. அங்கிருந்து வரும் பெரிய தொல்லை சாம்பல் துகளும் கந்தக டை ஆக்சைடும் உலோகங்களும். பென்சோபைரீன் வகைப் பொருள்கள் அதிகம் பிறப்பது காற்றுப் போதாமல் எரியும் அடுப்பில். விறகையும் முந்திரிக் கொட்டையின் ஓட்டையும் எரித்துச் சமைக்கும் வீடுகள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. இதனால் நிறுவனத்தின் சாம்பலுக்கு விடுதலை கிடைத்துவிடாது. மூச்சுக்குழாய்க்கும் நிலத்தடி நீருக்கும் அது செய்வதைத் தனியாக, கடுமையாகக் கேட்க வேண்டும். கருப்பைவாயைப் பொறுத்தவரை மட்டும், புகைபோக்கியைவிடச் சமையலறையையும் வீட்டில் புகையும் பீடியையும் முதலில் பார்ப்பதுதான் நியாயம்.

மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரைச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடியிருக்கிறது என்றால் அதைத் தணிக்கும் சத்து கொடுத்தால் சரியாகுமே என்று தோன்றும். கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள பெண்களுக்கு பீட்டா கரோட்டீன் கொடுத்துப் பார்த்த முறையான சோதனைகள் பல நடந்தன, பலன் தெரியவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதே பீட்டா கரோட்டீனைக் கொடுத்தபோது நுரையீரல் புற்று கூடியது என்று 1994-இல் தெரிந்தது. இந்த மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பரிசோதனை பலன் தரும் என்பதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்த ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் மட்டும் 49,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007-இல் வெளியிட்ட முடிவின்படி சாவு 35 விழுக்காடு குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்த ஹெச்.பி.வி. பரிசோதனை சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2009-இல் தெரிந்தது. தடுப்பூசி ஒரு தவணையே நல்ல பாதுகாப்புத் தருகிறது என்பதற்கும் இந்தியச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வு முக்கியச் சான்று. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியை அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் இந்தப் பரிசோதனையைச் செய்திருந்தார்; நாடு முழுவதற்கும் அது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி எத்தனை எழுதினாலும் இந்த எண் மாறாவிட்டால் நெய்வேலியில் ஒரு பெண்ணுக்கும் பயனில்லை.

பரிசோதனை பரவினால் மைட்டோகாண்ட்ரியா கேள்விக்கும் விடை காணும் வழி திறக்கும். ஹெச்.பி.வி. பரிசோதனைக்குக் கருப்பைவாயிலிருந்து எடுக்கும் உயிரணுக்களில் ஒரு பகுதி மிஞ்சும். அதே மிச்சத்தில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. படிகளின் எண்ணிக்கையையும் பிழைகளையும் அளக்கலாம். நோய் வருவதற்கு முன்பே எடுத்து உறைநிலையில் வைத்த அந்த மாதிரிகளை, ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து யாருக்கு வைரஸ் போனது, யாருக்குத் தங்கியது என்பதோடு ஒப்பிட்டால் ‘காலம்’ என்ற முதல் சிக்கல் தீரும். கூடவே வீட்டில் எந்த அடுப்பு, யார் புகைபிடிக்கிறார், வீடு புகைபோக்கியிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொண்டால் சாம்பல் பற்றிய ஊரின் சந்தேகத்துக்கும் கண்ணியமான பதில் கிடைக்கும். ‘வட்டம்’ என்ற குடியிருப்புப் பகுதிகளாகப் பிரிந்து, ஒரே நிறுவனத்தின் மருத்துவமனையைச் சார்ந்து வாழும் நகரியம் இப்படியொரு ஆய்வுக்கு ஏற்ற இடம். சிதம்பரமும் புதுச்சேரி ஜிப்மரும் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டு இடங்களில் அந்த ஆய்வு தவறிப்போகலாம். பணி ஓய்வு பெற்றவுடன் குடும்பங்கள் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ சென்னைக்கோ போய்விடுகின்றன. இந்த நோய் தலைகாட்டுகிற வயதும் ஏறக்குறைய அதுதான். அவர்களைப் பின்தொடராத ஆய்வு பாதியில் நின்ற ஆய்வு. நிரந்தர ஊழியரின் மனைவிக்குக் கிடைக்கும் மருத்துவ வசதி ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கும், மந்தாரக்குப்பத்தில் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் அப்படியே கிடைப்பதில்லை. விறகடுப்பு இருப்பது பெரும்பாலும் இவர்கள் வீட்டில்தான். நகரியத்துக்குள் இருப்பவர்களை மட்டும் அளந்தால், குறைவாகப் புகையில் நின்றவர்களை அளந்துவிட்டுப் புகைக்குப் பங்கில்லை என்று எழுத நேரிடும். பெயர்ப் பட்டியலை மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் தொடங்க வேண்டும். மாதிரி எதற்கு எடுக்கப்படுகிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், முடிவு அவளுக்குச் சொல்லப்படுமா என்பதை அந்தப் பெண்ணுக்குத் தமிழில் விளக்கி அவள் சம்மதம் பெற வேண்டும். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அவளுக்கு அடுத்த கட்டச் சிகிச்சை எங்கே, யார் செலவில் என்பதை மாதிரி எடுக்கும் நாளுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.